உடலா, உடைமையா? உரோமர் கண்ட கடன் தீர்ப்பு

கடனைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் கடனாளியால் கொடுக்க இயலாவிடின், அத்தீர்ப்பு எதைப் பற்ற வேண்டும்? அவன் உடலையா, உடைமையையா? இவ்வினாவுக்கு விடைகாண உரோமர்க்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

கி. மு. 495இல் முதியவர் ஒருவர் கந்தலாடையுடன் உரோமாபுரியின் பொதுமன்றத்தில் வந்து நின்றார் என வரலாற்றாசிரியர் லிவி கூறுகிறார். நாட்டுக்காகப் போரிட்டு மார்பில் விழுப்புண் பெற்ற நூற்றுவர் தலைவர் அவர். அவர் போர்முனையில் இருந்தபோது பகைவர் அவருடைய விளைநிலத்தை அழித்தனர். வரி செலுத்தக் கடன் வாங்கினார், வட்டி வளர்ந்தது, நிலம் போயிற்று, இறுதியில் அவரும் கடன்கொடுத்தோன் கையில் அகப்பட்டார். முதுகிலிருந்த கசையடித் தழும்புகளைக் கண்ட மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே எளிய குடிமக்கள் நகரைவிட்டு வெளியேறித் திருமலை என்னும் குன்றில் தங்கினர். அவர்களைக் காக்கும் மக்கள் காவலர் பதவி அதன்பின் தோன்றியது.

கி. மு. 451-450இல் வகுக்கப்பெற்ற பன்னிரு பலகைச் சட்டம், தீர்ப்புக்குப் பின் நிகழவேண்டியவற்றை முறைப்படுத்தியது. பணம் செலுத்த 30 நாள் தவணை உண்டு. அது கடந்தால், கடன்கொடுத்தோன் கடனாளியைப் பிடித்து நடுவர்முன் நிறுத்தலாம். அங்கும் பணம் செலுத்தாமல், பொறுப்பேற்பார் எவரும் முன்வராவிடின், 15 இராத்தல் விலங்கிட்டுத் தன் இல்லத்தில் 60 நாள் அடைத்து வைக்கலாம். சொந்த உணவுக்கு வழியற்றவனுக்கு நாள்தோறும் ஓர் இராத்தல் மாவு தரவேண்டும். அந்நாள்களில் இருவரும் சமாதானமாகப் போகலாம். அடுத்தடுத்த மூன்று சந்தை நாள்களில் கடனாளியை மன்றத்தில் நிறுத்திக் கடன் தொகையை அறிவிக்க வேண்டும். அதைக் கேட்டு உறவினரோ நண்பரோ மீட்க இது வாய்ப்பாயிற்று. எவரும் மீட்காவிடின் மரணம். அன்றேல் டைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்பனை!

கொடிய சட்டமே, ஐயமில்லை. எனினும், கடன்கொடுத்தோன் விருப்பம்போல் நடந்த ஒன்றுக்கு நாட்கணக்கும் சாட்சியும் உணவளவும் ஏற்பட்டன. எழுதப்பட்ட சட்டத்தின் முதற்பயன் இதுவே.

கி. மு. 326இல் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. தந்தையின் கடனுக்காகக் கட்டுண்டிருந்த இளைஞன் ஒருவன், கடன்கொடுத்தோனின் தகாத இச்சைக்கு இணங்காமையால் கசையடிபட்டுத் தெருவுக்கு ஓடிவந்தான். மக்கள் திரண்டு ஆட்சி மன்றத்தை முற்றுகையிட்டனர். அதன் விளைவாகப் பிறந்த பொயிட்டிலியச் சட்டம், கடனுக்கு ஈடு கடனாளியின் பொருளேயன்றி உடலன்று என வகுத்தது என்பர் லிவி. தீர்ப்புக் கடனாளியைச் சிறைவைக்கும் வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. ஆயினும், உடைமை முழுவதையும் ஒப்படைப்பவன் சிறைக்குத் தப்பலாம் என்ற விதியைப் பிற்கால யூலியச் சட்டம் ஏற்படுத்தியது.

ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரையும் சிறையிலிடலாகாது என 1966இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை கூறுகிறது. கொடுக்க மனமில்லாதவன் வேறு, கொடுக்க வழியில்லாதவன் வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்த பிறகே கடன் தீர்ப்பு நீதியாகிறது.