இலை தந்த பெயர்

கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு மருத்துவர் எழுதித் தரும் முதல் சீட்டிலேயே பெரும்பாலும் ஒரு சிறிய மஞ்சள் மாத்திரை இடம்பெற்றுவிடும். மருந்துக் கடையில் ‘ஃபோலிக்’ என்று சொன்னால் போதும், எடுத்துத் தந்துவிடுவார்கள். நாளிதழ்களிலோ ஆய்தம் உதிர்ந்து ‘போலிக் அமிலம்’ என்று அச்சாகிறது. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று எழுத்து மாற்றங்களுக்கே பெயரிட்டு வகுத்த மொழியில், ஒரு மெய்யான மருந்தின் தலையில் ‘போலி’ என்ற ஓசை வந்து உட்கார்ந்திருப்பது சொல்லை நேசிப்பவர்களுக்குப் பொறுக்கக் கூடியதன்று. அந்த ஓசையை விலக்கிவிட்டுப் பெயரின் உள்ளே பார்த்தால் அங்கே இருப்பது ஓர் இலை.

இலத்தீனில் ‘ஃபோலியம்’ என்றால் இலை. ஆங்கிலத்துக்குப் போய்ப் புத்தகத் தாளுக்கு ‘ஃபோலியோ’ ஆனதும், தாள்களைச் சுமக்கும் உறைக்குப் ‘போர்ட்ஃபோலியோ’ ஆனதும் இந்த ஒரே வேரிலிருந்துதான். மரத்து இலை புத்தகத்து இலையான இந்த வழி நமக்குப் புதிதன்று. பனையின் ஓலை எழுதப்பட்டு மடல் ஆயிற்று, ஏடு ஆயிற்று; பூவின் இதழ் இன்று மாதந்தோறும் அச்சாகி வீடு தேடி வருகிறது. ஆனால் இலத்தீன் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நடந்த தொலைவைத் தமிழ் பல சொற்களோடு நடந்தது. தொல்காப்பியத்தின் மரபியல் ஓலையைப் புல்லினத்துக்கும், இலை, தளிர், முறி ஆகியவற்றை மரத்தினத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை, வேம்புக்கு இலை, உலர்ந்தால் சருகு. உண்ணத் தகுந்ததாயின் கீரை. நம் கதைக்கு வேண்டியது இந்தக் கீரைதான்.

1941ஆம் ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்நெல், வில்லியம்ஸ் என்ற மூவர் நான்கு டன் கீரையைக் காய்ச்சி வடித்து, மிகச் சிறிதளவு அமிலப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள்; இலையில் கிடைத்ததால் இலையின் பெயரையே அதற்கு இட்டார்கள். அந்தக் கீரையை நாம் கடையில் பாலக் என்கிறோம்; நூல்களில் பசலைக்கீரை என்று எழுதிவிடுகிறோம். நம் வேலியில் படரும் கொடிப்பசலை வேறு செடி. ஆயினும் ‘பசலை’ என்ற சொல் இங்கே வந்து சேர்ந்தது எனக்கு மகிழ்ச்சியே. பசுமை, பச்சை, பசப்பு என்று கிளைத்த ‘பசு’ என்னும் அடியில் பிறந்து, ஒருபுறம் கீரைக்கும் மறுபுறம் அகப்பாடல்களில் தலைவியின் மேனியில் படரும் வெளிறலுக்கும் பெயரான சொல் அது. பிரிவுத் துயரின் பசலையை இரத்தசோகை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், மேனி வெளிறிய கர்ப்பிணிகளைத் தேடிப் போனபோதுதான் இந்தப் பொருளே மருத்துவ உலகின் கண்ணில் பட்டது.

தேடிப் போனவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர்களான ஏழைக் கர்ப்பிணிகள் கடும் இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவருடைய ஆய்வு குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், பிறகு சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கும் மகளிர் மருத்துவமனையிலும் தொடர்ந்தது. (கோஷா என்பது பாரசீகத்தில் ‘மூலை’, மூலையில் ஒதுங்கியிருத்தல் என்ற பொருளில் திரை மறைவைக் குறிக்க வந்தது.) மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதை 1931இல் அவர் வெளியிட்டார். மார்மைட் என்பது பிரெஞ்சு மொழியில் சமையல் பானை. பானைப் படம் இன்றும் அந்தக் குப்பியின் மேல் இருக்கிறது. அந்தச் சாற்றுக்குள் இருந்தது எது என்று தெரியாததால் ‘வில்ஸ் காரணி’ என்று பெயரிட்டார்கள். குரங்கில் ஆராய்ந்தவர்கள் வைட்டமின் எம் என்றார்கள். கோழிக்குஞ்சில் ஆராய்ந்தவர்கள் வைட்டமின் பிசி என்றார்கள். பெண்ணின் பெயரும் குரங்கின் முதலெழுத்தும் குஞ்சின் முதலெழுத்தும் சுட்டியது ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் என்று தெளிந்தபோது, எல்லாப் பெயர்களையும் தள்ளிவிட்டு இலை நின்றது.

வேதியியலார் அதற்கு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள்: டெராயில் குளுட்டாமிக் அமிலம். முதற்பகுதியில் இருப்பது கிரேக்கத்தின் ‘டெரான்’, அதாவது சிறகு. பட்டாம்பூச்சிச் சிறகின் மஞ்சள், வெள்ளை நிறமிகளில் முதலில் அறியப்பட்ட டெரின் என்னும் மூலக்கூற்று வளையம் இந்த அமிலத்திலும் இருக்கிறது. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: அந்த அமிலத்தின் இயல்பான நிறமே மஞ்சள்தான். 1945இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் இதைச் செயற்கையாகத் தொகுத்த குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சென்ற யெல்லாப்ரகட சுப்பாராவ்.

பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. கீரையில் இயற்கையாக இருப்பவை ஃபோலேட்டுகள்; மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் எளிதில் சிதையாத செயற்கை வடிவம். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் ஃபோலேட்டில் பெரும்பங்கு போய்விடும். மாத்திரை தேவைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழில் இதை என்னவென்பது? ‘அமிலம்’ வடமொழி அம்லத்தின் வழி வந்தது. புளித்த கஞ்சிக்குப் பெயராக நம்மிடம் ‘காடி’ இருக்கிறது. இலைக்காடி என்றால் இலத்தீன் வைத்த பொருள் அப்படியே நிற்கும். போலியின் நிழலும் விலகும். வைட்டமினை உயிர்ச்சத்து என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இது கடினமன்று.

ஆனால் எனக்குள்ள பெரிய குறை இந்தப் பெயர்மேல் அன்று, ‘பேறுகால மாத்திரை’ என்ற பொதுப்பெயர்மேல். கருவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடியாகும் நரம்புக்குழல் கருவுற்ற 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. மூடாமல் போனால் தண்டுவடப் பிளவு போன்ற குறைகள் நேர்கின்றன. 1991இல் வெளிவந்த பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, முன்பு அத்தகைய குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களிடம் ஃபோலிக் அமிலம் மீண்டும் அது நேர்வதை 72 விழுக்காடு தடுத்தது என்று காட்டியது. நம் பேச்சிலோ கருவுற்ற செய்தி ‘நாள் தள்ளிப் போயிருக்கிறது’, ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று, வர வேண்டியது வராமற் போனதைக் கொண்டே வெளிப்படுகிறது. நாள் தள்ளும்போதே அந்த 28இல் ஏறத்தாழப் பாதி கழிந்திருக்கும். உறவினர் காதுக்குச் சேதி எட்டி, மருத்துவரிடம் சீட்டு வாங்குவதற்குள் குழல் மூடும் காலம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மாத்திரை இரத்தத்துக்கு நல்லதே. ஆனால் நரம்புக்குழலுக்கு உதவும் வேளை போய்விட்டது. ஆகவே இதைக் ‘கருவுறுமுன் மாத்திரை’ என்று வழங்குவதே பொருந்தும்.

பிள்ளைப்பேற்றை எண்ணியிருக்கும் மகளோ மருமகளோ தங்கையோ உங்கள் வீட்டில் இருந்தால், நாள் தள்ளும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருவுறுவதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்கி மூன்றாம் மாதம் முடியும்வரை. முன்பு நரம்புக்குழல் குறை நேர்ந்திருந்தால் அளவு பன்மடங்கு கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். பெயரை ஃபோலிக் என்று சொன்னாலும் இலைக்காடி என்று சொன்னாலும், இன்றே சொல்லிவிடுங்கள்.