மணிமுத்தாற்றுத் தண்ணீருக்கு மாற்றுப் பார்ப்பது யார்?



"ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுறான்" என்று யாரையாவது நாம் கேலி செய்வதுண்டு. அந்தப் பேச்சே நம்ம விருத்தாசலத்து மணிமுத்தாற்றங்கரையில் பிறந்ததுதான் என்பார்கள். சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை ஆற்றில் இட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் போய் எடுத்தார் என்பது பெரிய புராணம் சொல்லும் கதை. அதில் பலரும் மறந்துவிடுகிற சங்கதி ஒன்று உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன்னால் ஒரு துணுக்கை வெட்டி, அதை மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டாராம். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது! கையில் மச்சம் இல்லாமல் போயிருந்தால், குறைந்த விஷயமே தெரிந்திருக்காது.

நம்ம ஆற்றுக்கு அப்படி ஒரு மச்சம் யாரிடம் இருக்கிறது? "எங்க அப்பா காலத்துல இந்தத் தண்ணிய அள்ளிக் குடிச்சோம்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்க முடியாது.

நொய்யல் ஆற்று விவசாயிகள் பட்ட பாட்டைக் கேட்டிருப்பீர்கள். ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்காக 1992ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு அதில் வந்து தேங்கி, சில வருஷத்திலேயே தண்ணீர் உப்பாகிவிட்டது. தண்ணீர் திறந்து விடுங்கள் என்று கேட்பதற்குக் கட்டின அணையில், தண்ணீர் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆயிற்று. வழக்குப் போட்டு, நடையாய் நடந்து, 2011 ஜனவரியில்தான் விதிமுறைக்கு உட்படாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாக உத்தரவிட்டது. அணை கட்டி 19 வருஷம்! ஆற்றில் உப்பு எந்த மாதம் எவ்வளவு ஏறியது என்று கரையோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் முதல் வருஷத்திலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால்? நான் அடிக்கடி நினைப்பது இதைத்தான்.

அப்படி நோட்டுப் புத்தகம் போட்ட பிள்ளைகளின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். அது நடந்தது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் என்ற ஊரில். அங்கே ஓடுகிற ஆற்றுக்கு ஹியூரான் என்று பெயர். 1984ல் அந்த ஆற்றில் பாய்ப்பலகை விட்டு விளையாடிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அசுத்தத் தண்ணீரால் வருகிற வகைக் காமாலை அது. பள்ளி ஆசிரியரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப்பும் சேர்ந்து, மாணவர்களையே ஆற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வைத்தார்கள். மலக்கிருமி கூடுதலாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், மழைநீர் போக வேண்டிய வடிகாலில் சாக்கடை கலந்திருந்தது. பிள்ளைகள் கணக்கோடு நகர நிர்வாகத்திடம் போனார்கள். வெறும் புகாராக இருந்தால் பெட்டியில் போட்டிருப்பார்கள். கணக்கை அப்படிப் போட முடியவில்லை.

பிறகு டெட்ராய்ட் பக்கத்து ரூஜ் ஆற்றில் இதே வேலையை ஆரம்பித்தார்கள். 1969ல் மிதந்த எண்ணெயில் தீப்பற்றி எரிந்த ஆறு அது! 1989ல் உலக நாடுகளின் பள்ளிகளை எல்லாம் இணைக்கிற அமைப்பு ஒன்றையும் ஸ்டாப் உண்டாக்கினார். அவர்கள் கற்ற பெரிய பாடம் என்ன தெரியுமா? பெட்டி நிறைய மருந்தும் குப்பியும் பள்ளிக்கு அனுப்பினால் போதாது, முதலில் வாத்தியாரைப் பழக்க வேண்டும் என்பதுதான். ஒன்பது சோதனைகளையும் ஆசிரியர் தம் கையால் செய்து, தப்பும் செய்து பார்த்த பிறகுதான் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போகலாம்.

நம்ம நாடும் சும்மா இருக்கவில்லை. 1982ல் குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் மாஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் ஒரு சுலபமான சோதனையை வெளியிட்டார்கள். மருந்து தோய்த்த காகிதத் துண்டு உள்ள சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்தால் போதும். கறுத்துப் போனால் மல அசுத்தம் கலந்திருக்கக் கூடும். பல நாடுகளில் இன்றைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒன்று: ஆற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கறுக்கத்தான் செய்யும். கிணற்றுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும்தான் அது நல்ல சோதனை.

பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991ல். தில்லியில் 1996 முதல் பள்ளி மாணவர்கள் கைப்பெட்டியோடு தண்ணீர் சோதித்தார்கள். 2001 வாக்கில் பள்ளிதோறும் தேசிய பசுமைப் படை வந்தது. 2006ல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டு, ஊராட்சிக்கு ஐந்து பேருக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்கச் சொன்னது. அந்த ஐந்து பேரில் பள்ளி ஆசிரியரும் வரலாம். நம்ம தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தயாரித்த சோதனைப் பெட்டியும் ஊர் ஊராகப் போயிற்று. எல்லாம் நல்லதுதான். ஆனால் அவை பெரும்பாலும் குழாய்க்கும் கைப்பம்புக்கும் பார்த்த பார்வை. ஆறு அதில் விட்டுப்போகிறது என்பது என் குறை.

"வாத்தியாருக்கு இதுல என்னங்க பயிற்சி? பாட்டில்ல தண்ணி மொள்ளத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது என்றுதான் சொல்வேன்! நின்ற இடத்துச் சேற்றைக் கலக்கி, அந்தத் தண்ணீரையே மொண்டு வருவோம். நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். காலில் கலங்கிய சேறு பின்னால் போய்விடும். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி, கவிழ்த்த வாக்கில் உள்ளே இறக்கி, நடு ஆழத்தில் நிமிர்த்த வேண்டும். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை மட்டும் அலசக்கூடாது. அது முன்னதாகவே கொதிக்க வைத்துச் சுத்தம் செய்தது.

பிராணவாயுச் சோதனைக்கு ஒரு நீர்க்குமிழி கூட இல்லாமல் பாட்டிலை நிரப்பி, முதல் மருந்துகளைக் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். நேரமும் முக்கியம். பாசி உள்ள தண்ணீரில் விடியற்காலையில் பிராணவாயு குறைவாகவும் பிற்பகலில் அதிகமாகவும் இருக்கும். ஒரு மாதம் காலையிலும் மறுமாதம் மாலையிலும் எடுத்தால் ஆறு திருந்திவிட்டது என்று தப்பாக எழுதுவோம். நம்ம வெயிலில் சுத்தமான தண்ணீரில் லிட்டருக்கு ஏழு, ஏழரை மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். நான்குக்குக் கீழே போனால் மீன் திணறும்.

பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சொல்லக் கூடிய கைகாரர்களும் சூளைக்குள் சின்னக் கூம்பை வைத்து, அது வளைகிறதா என்று பார்ப்பார்கள். கண் ஏமாற்றும், கூம்பு ஏமாற்றாது.

உழவருக்கு மிகவும் வேண்டியது உப்புக் கணக்கு. கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் பாய்ச்சலாம் என்றும், 2,000க்கு மேலே போனால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது என்றும் உலக உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்திருக்கிறது. இதை அளக்கிற பேனா போன்ற மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மருந்து வாங்கப் பணமில்லாத பள்ளியில் கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். மூன்று வாலுள்ள இளம்பூச்சிகள் ஒட்டியிருந்தால் தண்ணீர் நல்லது. சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் தண்ணீர் கெட்டது.

வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே இங்கே பின்பற்றவும் முடியாது. அவர்கள் ஆறு வருஷம் பூராவும் ஓடுகிறது. மணிமுத்தாறு கல்வராயன் மலையில் மழை பெய்தால் ஓடும், பங்குனி சித்திரையில் மணலாகக் கிடக்கும். கோடையில் ஆங்காங்கே மடுவில் நிற்பதும், மணலைத் தோண்டினால் ஊறுவதும், கரையோரக் கிணற்றில் இருப்பதும்தான் அப்போது ஆற்றுத் தண்ணீர். அதையும் எடுக்க வேண்டும். "ஆறு வறண்டு கிடந்தது" என்று எழுதுவதும் ஒரு பதிவுதான். அந்தப் பக்கத்தைக் காலியாக விடக் கூடாது.

பாட்டிலில் ஊர்ப்பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சேலத்துத் திருமணிமுத்தாறு வேறு, திருநெல்வேலி மணிமுத்தாறு வேறு. நம்ம கணக்கு அவர்கள் கணக்கோடு கலந்துவிட்டால் வம்பு!

எடுக்க வேண்டிய இடம் நான்கு போதும். ஊருக்கு மேற்கே தண்ணீர் உள்ளே வருகிற இடம் ஒன்று. விருத்தகிரீசுவரர் கோயில் பக்கத்துத் துறை ஒன்று, மாசி மகத்துக்கு முன்னும் பின்னும் தவறாமல். ஊரைத் தாண்டிக் கீழே ஒன்று. கடைசியாகத் திருக்கூடலையாற்றூரில், வெள்ளாற்றோடு சேருமுன் ஒன்று. அதற்கு அப்புறம் அந்தத் தண்ணீர் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுப் பக்கம் போய்விடும், அங்குள்ள பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். உங்க ஊர் அறிவியல் வாத்தியாரிடம் இந்த நான்கு இடத்தையும் சொல்லி, எந்த மாதம் பயிற்சிக்குப் போகத் தோதுப்படும் என்று கேளுங்கள். அவர் போகிற நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு யார் பாடம் நடத்துவது என்பதையும் தலைமையாசிரியரோடு அப்போதே பேசி வைத்துவிடுங்கள். பல ஊர்களில் காரியம் தடைப்படுவதே அந்த ஒரு இடத்தில்தான்.