மணலில் புதைந்த பந்தய வண்டி

வரலாற்றுச் சான்றுகள் எவை என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று மாணவர்கள் உடனே அடுக்கிவிடுவர். எண்ணெய்க் கறை படிந்த மோட்டார் வண்டி ஒன்றையும் அந்த வரிசையில் வைக்கலாம் என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், 42 ஆண்டுகள் கடற்கரை மணலின்கீழ்க் கிடந்து, பின்னர் வெளியே வந்து, ஒரு மனிதரின் சாவைப் பற்றி மக்கள் நம்பியிருந்த கதையையே ஐயத்துக்கு உள்ளாக்கிய பந்தய வண்டி ஒன்று உண்டு. அதன் பெயர் பாப்ஸ். அதன் வரலாற்றைத்தான் இப்பொழுது சொல்லப் புகுகின்றேன்.

கதை புரூக்லண்ட்ஸில் தொடங்குகிறது. லண்டனுக்குத் தென்மேற்கே, வேபிரிட்ஜ் என்னும் ஊரின் அருகில், ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில், தம் பணத்தைக் கொண்டு ஒரு பந்தயத் தடம் அமைத்து 1907ஆம் ஆண்டில் திறந்துவைத்தார். மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட தடங்களுள் அதுவே முதலாவது. சுற்றளவு இரண்டே முக்கால் மைல். அகலம் 100 அடி. வளைவுகளில் தடத்தின் வெளி ஓரம் ஏறத்தாழ 30 அடி உயரத்துக்குச் சரிவாக எழுப்பப்பட்டிருந்தது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும் சிறுவன் கயிற்றின் இழுப்பைக் கையில் உணர்கிறான். விரைந்து வளையும் வண்டியை உள்நோக்கி இழுக்க அத்தகைய கயிறு ஏது? சமதளத்தில் டயரின் பிடிப்பு ஒன்றே துணை. தளத்தைச் சாய்த்துவிட்டாலோ, தளமே வண்டியை உள்நோக்கித் தள்ளிக் கொடுக்கிறது.

இந்தத் தடத்தின் உள்ளேயே ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார் பாரி தாமஸ். 1885இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். லேலண்டு மோட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். அந்த உயர் பதவியைத் துறந்துவிட்டு, வேகமே வாழ்வென்று 1923இல் புரூக்லண்ட்ஸுக்கு வந்துசேர்ந்தார். கணக்கிடவும் வரையவும் செய்யவும் ஓட்டவும் வல்ல ஒருவர் அக்காலத்திலும் அரியவரே.

அப்பொழுது லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்ற செல்வர், விமான இயந்திரங்களைக் கார்களில் பூட்டிப் பேருருவ வண்டிகள் செய்துகொண்டிருந்தார். அவருடைய வண்டிகளின் பெயரே பிற்காலத்தில் 'சிட்டி சிட்டி பாங் பாங்' என்னும் சிறுவர் கதைக்குத் தலைப்பாயிற்று. முதல் உலகப் போருக்காகப் பெருவாரியாகச் செய்யப்பட்ட லிபர்ட்டி என்னும் அமெரிக்க விமான இயந்திரங்கள், 1918இல் போர் முடிந்ததும் வேலையின்றிக் கிடந்தன. அவற்றுள் ஒன்றை வாங்கித் தம் கடைசி வண்டியில் வைத்தார் ஸ்பொரோவ்ஸ்கி. பன்னிரண்டு உருளைகள், கொள்ளளவு 27 லிட்டர். இன்று தெருவில் ஓடும் சிறு குடும்பக் காரின் இயந்திரம் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் என்பதை நினைவிற் கொண்டால் இதன் பருமன் விளங்கும். இயந்திரத்தின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசென்றவை, சைக்கிளில் இருப்பது போன்ற, ஆனால் மிகப் பெரிய, இரு சங்கிலிகள்.

1924இல் ஸ்பொரோவ்ஸ்கி இத்தாலியில் மோன்சா பந்தயத்தில் மாண்டார். அவர் விட்டுச் சென்ற வண்டியை 125 பவுனுக்கு வாங்கினார் தாமஸ். அதனைப் பெரிதும் மாற்றியமைத்து, பாப்ஸ் என்று பெயரிட்டார்.

தரை வேகச் சாதனைக்குப் புரூக்லண்ட்ஸ் போதாது. நீண்ட நேர்ப்பாதை வேண்டும். வேல்ஸின் தென்கரையில் பெண்டைன் என்னும் சிற்றூரின் கடற்கரை ஏறத்தாழ ஏழு மைல் நீளமுடையது. கடல் வற்றும் வேளையில் அதன் ஈர மணல் இறுகி, தரைபோல் நிற்கும். ஒரு திசையில் ஓடிய பின் மறு திசையிலும் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கில் ஏறும். காற்றின் உதவியால் கிடைத்த வேகம் இவ்வாறு கழிந்துபோகிறது. 1926 ஏப்ரல் 27ஆம் நாள் தாமஸ் மணிக்கு 169 மைலைத் தாண்டினார். மறுநாளே 171 மைல், அதாவது ஏறத்தாழ 275 கிலோமீட்டர்!

அந்தச் சிறப்பு ஓராண்டும் நிலைக்கவில்லை. 1927 பிப்ரவரியில் மால்கம் கேம்பெல் அதே மணலில் 174 மைல் வேகத்தை எட்டினார். இழந்ததை மீட்க மார்ச் 3ஆம் நாள் தாமஸ் மீண்டும் பாப்ஸில் ஏறினார். முழு வேகத்தில் செல்கையில் வண்டி நிலைகுலைந்து கவிழ்ந்தது. தாமஸ் தலையிற் பட்ட அடியால் அங்கேயே உயிர் நீத்தார். தரை வேகச் சாதனைக்கான முயற்சியில் வண்டியோட்டி ஒருவர் இறந்தது அதுவே முதல் முறை. அவருக்கு வயது 41. சரியாக 26 நாள் கழித்து, அமெரிக்காவில் டேட்டோனா கடற்கரையில் ஹென்றி சீக்ரேவ் 203 மைலைத் தாண்டினார். தாமஸ் உயிரைக் கொடுத்துத் தேடிய மூன்று நான்கு மைல்கள் அதற்குள் பொருளற்றுப் போயின. சீக்ரேவின் சன்பீம் வண்டியும் இங்கிலாந்தில் பியூலி என்னும் ஊரின் பொருட்காட்சிச்சாலையில் இருக்கிறது.

தாமஸின் உடல் புரூக்லண்ட்ஸ் அருகே பைஃப்ளீட் ஊரின் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பியது. பாப்ஸ் திரும்பவில்லை. பெண்டைனின் மணற்குன்றுகளுக்கிடையே குழி தோண்டி அதனைப் புதைத்துவிட்டனர். உரியவரைக் கொன்ற வண்டியைக் கண் காணாமல் செய்துவிடும் மனநிலை நமக்குப் புரியாததன்று. ஆனால் அந்தக் குழியில் சான்றும் சேர்ந்தே புதைந்தது. மேலே எஞ்சியது கதை மட்டுமே. பின்சக்கரத்துக்குச் செல்லும் சங்கிலி அறுந்து தெறித்துத் தாமஸின் தலையைத் தாக்கியது என்று எல்லோரும் சொன்னார்கள். நூல்களும் அவ்வாறே எழுதின.

புரூக்லண்ட்ஸில் வேலை நிற்கவில்லை. தாமஸிடம் துணைப் பொறியாளராயிருந்த ரீட் ரெய்ல்டன், 1933இல் ஜான் காப் என்பவருக்காக நேப்பியர் ரெய்ல்டன் என்னும் 24 லிட்டர் வண்டியை வரைந்தார். இதற்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக்கு உண்டு, முன்சக்கரங்களில் இல்லை! 1935 அக்டோபர் 7ஆம் நாள் காப் இதில் மணிக்கு 143.44 மைல் சராசரியில் புரூக்லண்ட்ஸைச் சுற்றி வந்தார். 1939இல் போர் மூண்டு தடம் மூடப்பட்டது. விமானத் தொழிற்சாலைக்காகத் தளத்தின் பகுதிகள் உடைக்கப்பட்டன. ஆகவே அந்தச் சாதனையை இனி எவரும் முறியடிக்க இயலாது. போருக்குப் பின் இவ்வண்டி, விமானங்களை நிறுத்தப் பயன்படும் பாரசூட்டுகளைச் சோதிக்கும் பணியில் உழைத்தது. அருமை கருதிக் காக்கப்பட்டதைவிட, பயன் கருதி வைத்துக்கொள்ளப்பட்டதால் அது பிழைத்தது என்றே சொல்ல வேண்டும். கோயிலுக்குள் இருந்த பழம் பாத்திரம் புழக்கத்தில் இருந்ததனாலேயே உருக்குச் சாலைக்குப் போகாமல் தப்புவதில்லையா?

பாப்ஸுக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. 1969இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் விரிவுரையாளர், உரியோரின் இசைவைப் பெற்று மணலைத் தோண்டினார். உப்பு மணலில் 42 ஆண்டுகள் கிடந்த இரும்பின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், கிடைத்த பகுதிகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டனர். வலப்புறப் பின்சக்கரமே முதலில் முறிந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. அங்ஙனமாயின், சங்கிலியின் மேல் சுமத்திய பழி பொய்யாகிறது. இதுவே முடிந்த முடிவு என்று யானும் கூறேன். எனினும் வாய்மொழியோடு வாதாட ஒரு பொருட்சான்று வந்துவிட்டது. அதற்குமுன் அதுகூட இல்லை.

ஓவன் பல ஆண்டுகள் உழைத்து வண்டியை மீண்டும் ஓடச் செய்தார். மட்கிய பகுதிகளைப் புதிதாகச் செய்ய நேர்ந்தது. இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழங்கோயில் திருப்பணியில் சிதைந்த கல்லை மாற்றும்போது, அதிலிருந்த எழுத்தும் போய்விடுவதை நாம் அறிவோம். பாப்ஸ் உறுமி ஓடுவதைக் காண்போருக்கு மகிழ்ச்சியே. ஆனால் விபத்தின் வடுவைத் தாங்கிய பாப்ஸ் அதன் பிறகு இல்லை. ஓவனைக் குறை கூறவும் மனம் வரவில்லை. அவர் தோண்டியிராவிட்டால் வடுவும் இல்லை, வண்டியும் இல்லை. மண்ணில் துருவே எஞ்சியிருக்கும்.

பெண்டைனில் இதற்கென எழுந்த பொருட்காட்சிச்சாலையில் கோடைக்காலத்திலும், புரூக்லண்ட்ஸ் பொருட்காட்சிச்சாலையில் குளிர்காலத்திலும் பாப்ஸை வைப்பது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. நேப்பியர் ரெய்ல்டனும் புரூக்லண்ட்ஸில்தான் இருக்கிறது. ஆசிரியரின் வண்டியும் மாணவரின் வண்டியும் அந்தக் குளிர் மாதங்களில் ஒரே வளாகத்தில் நின்றன. உடைபட்டுப் பாசி படர்ந்த பழைய சரிவுத் தடம் வெளியே தெரிகிறது. தாமஸின் கல்லறை அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை.