எல்லைப்புறக் கேரளத்தில் பசி, வறுமை, வீடின்மை: அரசு முறைகளின் வரலாறு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி ஊராட்சிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். முன்னது மழை குறைந்த, கிணற்றையும் கால்வாயையும் நம்பிய வேளாண் நிலம். பின்னது தேயிலையும் ஏலமும் விளையும் மலை. இரண்டுக்கும் பொதுவானது, அரசின் தலைநகரத்திலிருந்து நெடுந்தொலைவு, அரசின் மொழியிலிருந்து சற்று விலகல், சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பங்களின் மிகுதி. பசியையும் வறுமையையும் போக்க இப்பகுதியில் அரசுகள் எடுத்த முயற்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படுகிறது: எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தபோது உதவி எல்லை வரை வந்து சேர்ந்தது, தகுதியானவர்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தபோது விளிம்பில் இருந்தவர்களே முதலில் விடுபட்டனர்.

1949 வரை இந்நிலப்பரப்பு மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது. இன்றைய சித்தூர் வட்டத்தின் பெரும்பகுதி கொச்சி அரசுக்கும், பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்துக்கும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்கும் உரியவை. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் வேலை கொடுத்துக் கூலியாகத் தானியம் அளக்கும் முறை நடந்தது. இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் அந்தக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தது அப்போதே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதே ஆண்டுகளில், 1877இல், பிரிட்டிஷ்காரரான ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து தேவிகுளம் பகுதியின் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் அங்கு எழுந்த தோட்டங்களுக்குப் போடி வழியாக மலையேறிய தொழிலாளரைத் துரத்தியது பஞ்சமா, ஆள் சேர்க்கும் கங்காணிகளின் முன்பணமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

விரிவாகப் பதிவான காலம் 1942இல் தொடங்குகிறது. திருவிதாங்கூரும் கொச்சியும் தம் அரிசித் தேவையின் பெரும் பங்குக்குப் பர்மாவை நம்பியிருந்தன. அவ்வாண்டு மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் கப்பல் நின்றது. இரு சமஸ்தானங்களும் இந்தியாவின் பிற பகுதிகளில் அரிதாகவே நடந்த ஒன்றைச் செய்தன: நகரத்தோடு நிறுத்தாமல் நாட்டுப்புறம் உட்பட மக்கள் அனைவரையும் ரேஷனுக்குள் கொண்டுவந்தன. அளவு சொற்பம், பலர் மரவள்ளிக்கிழங்கால் உயிர் தரித்தனர். கே. ஜி. சிவசாமியும் உடன் பணியாற்றியோரும் தொகுத்து 1945இல் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த ஆய்வு, 1943–44இல் திருவிதாங்கூரில் பரவிய பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பதிவு செய்கிறது. கடலோரத்தில் தொடங்கிய துயரத்தைக் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே இருந்த ஓர் ஊர் அக்கறையோடு எழுதி வைத்தது குறிப்பிடத்தக்கது. ரேஷன் முறை சாவுகளை எந்த அளவுக்குத் தடுத்தது என்பதை உறுதியாகச் சொல்வது கடினம். ஆயினும், அதே 1943இல் வங்காளத்தில் நாட்டுப்புற ஏழைகள் ரேஷனுக்கு வெளியே விடப்பட்டு இலட்சக்கணக்கில் மாண்டதை அருகில் வைத்துப் பார்த்தால், அனைவரையும் உள்ளடக்கிய முடிவின் எடை புரியும்.

உணவுப் பற்றாக்குறையே காட்டைத் திருத்திக் குடியேற்றும் கொள்கைக்கும் காரணமாகக் கூறப்பட்டது. 1950களின் நடுவில் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப் பிள்ளையின் ஆட்சி தேவிகுளம், பீருமேடு மலைகளில் குடியேற்றத் திட்டத்தை நடத்தியது. மொழிவாரி எல்லை வரையப்படும் வேளையில் தமிழரின் விகிதத்தைக் குறைக்கவே இது செய்யப்பட்டது என்று தமிழ்த் தரப்பினர் வாதிட்டனர். நெல்லும் கிழங்கும் விளைவிக்கவே என்றனர் மறுதரப்பினர். 1956இல் செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்குச் சென்றது; தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. 1957இல் பாலக்காடு மாவட்டம் உருவானபோது சித்தூரும் அதில் சேர்ந்தது.

மீண்டும் பஞ்ச நிழல் விழுந்த 1964 நவம்பரில் கேரளம் ரேஷனை மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தது. 1966 ரேஷன் ஆணை அதற்குச் சட்ட வடிவம் தந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் ஏறத்தாழ எல்லாக் குடும்பத்துக்கும் கார்டு இருந்தது. வருமானச் சான்று கேட்கப்படவில்லை. எல்லை ஊரான வேலந்தாவளத்துக் கூலிக்காரரும் திருவனந்தபுரத்து அதிகாரியும் ஒரே வகைக் கடையில் நின்றனர். 1974இல் சிவில் சப்ளைஸ் கழகமும் 1980இல் அதன் மாவேலிக் கடைகளும் வந்தன. இக்காலத்தைப் பற்றி 1975இல் ஐக்கிய நாடுகளுக்காகத் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் தயாரித்த அறிக்கை இன்றும் படிக்கத் தக்கது. புள்ளிவிவரப்படி கேரளத்தார் உண்ணும் கலோரி மிகக் குறைவு, ஆனால் இறப்பு விகிதமும் குறைவு. இந்தப் புதிரை ஆராய்ந்தவர்கள், கணக்கெடுப்பு அரிசியை எண்ணிய அளவுக்கு மரவள்ளியை எண்ணவில்லை என்று கண்டனர். ஏழையின் தட்டில் உள்ளதை எண்ணாத கணக்கு ஏழையையும் தவறாகவே எண்ணும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

பணக்காரருக்கும் மானிய அரிசி எதற்கு என்ற ஆட்சேபம் நியாயமானது. அரசின் பணம் அளவுக்குட்பட்டது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து விலையைப் பிரித்ததற்கு அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் விளைவு வேறு. கோட்டுக்கு மேலே வைக்கப்பட்டவர்களுக்கான விலை உயர்ந்ததும் கேரளத்தில் ரேஷன் வாங்குவது சரிந்தது. கடைகள் நட்டத்தில் ஓடின. கடை மூடினால் பாதிக்கப்படுபவர் கோட்டுக்குக் கீழே உள்ளவரே. வசதியானவர் பெரும்பாலும் தாமாகவே ரேஷன் அரிசியை விட்டுவிடுவார். பட்டியலில் தவறவிட்ட ஏழைக்கு அப்படி வேறு வழி கிடையாது. 2016 நவம்பரில் கேரளம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது முன்னுரிமை பெற்றவர் 1 கோடியே 54 லட்சம் பேர். மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று கார்டின் நிறமே குடும்பத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியது. அதே மாதம் அதே சட்டத்தை ஏற்ற தமிழ்நாடு, எல்லோருக்குமான விநியோகத்தைக் கைவிடவில்லை. 2011 முதல் அங்கே அரிசிக் கார்டுகளுக்கு அரிசி இலவசம். அந்த அரிசி எல்லை ஊர்களான வாளையாறு, வேலந்தாவளம் வழியாகக் கடத்தப்படுவது தமிழ்நாட்டு முறைக்கு எதிரான வலுவான வாதம்தான். ஆனால் அது காட்டுவது கண்காணிப்பின் குறையை. வாங்கி உண்ணும் குடும்பத்தின் உரிமையை அது பொய்யாக்காது.

வீடு பற்றிய வரலாறு இன்னும் கூர்மையான பாடம் தருகிறது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை விலைக்குப் பெறும் உரிமை அளித்தது. 1972இல் அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயர் முன்னெடுத்த இலட்சம் வீடு திட்டம் நிலமற்றோருக்குக் கூரை கொடுத்தது. இந்த அலை மலையில் பெரிதும் நின்றுபோனது. தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டன. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டுப் பொறுப்பை முதலாளியிடம் வைத்தது. ஆகவே தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளி, அங்கேயே ஓய்வு பெறும் தொழிலாளி அரசின் கண்ணில் வீடுள்ளவர். ஓய்வு பெற்ற பின் லயத்தைக் காலி செய்ய வேண்டியவர். 2000க்குப் பின் பீருமேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது கூலியோடு கூரையைப் பழுது பார்ப்பவரும் போயினர். 2015இல் மூணாறில் பெண் தொழிலாளர் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு நடத்திய வேலைநிறுத்தம் போனசுக்கும் கூலிக்கும் என்று தொடங்கினாலும் லயத்தின் நிலையையும் வெளியே கொண்டுவந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததில் 70 பேர் மாண்டனர்.

உணவுக்கும் வீட்டுக்குமான தனித்தனி முயற்சிகள் இதற்கிடையே தொடர்ந்தன. 2013இல் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகள் இறந்ததும் சமூகச் சமையலறைகள் தொடங்கின. இறப்பு எண்ணிக்கையில் அரசுக் கணக்கும் அமைப்புகளின் கணக்கும் வேறுபடுகின்றன. வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் தரும் லைப் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது.

2021இல் தொடங்கிய அதிதீவிர வறுமை ஒழிப்புத் திட்டம் 64,006 குடும்பங்களைக் கண்டறிந்தது. உணவு, உடல்நலம், வருமானம், இருப்பிடம் என்ற நான்கும் அளவுகோல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் வகுத்தது உண்மையான முன்னேற்றம். ரேஷன் கார்டே இல்லாதவரைத் தேடிச் சென்றது பட்டியல் முறையிலும் புதுமை. 2025 நவம்பர் 1 அன்று முதல்வர் பினராயி விஜயன் அதிதீவிர வறுமையற்ற மாநிலமாகக் கேரளத்தைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. மஞ்சள் கார்டு வைத்துள்ள குடும்பங்கள் பல லட்சம் இருக்க, 64,006 என்ற எண் எப்படி வந்தது என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் கேட்டனர். மஞ்சள் கார்டுக்காரர் வருமானம் குறைந்தோர், இவர்களோ எந்த ஆதரவும் அற்றோர், இரண்டும் வேறு என்பது அரசின் விளக்கம். அந்த விளக்கத்தில் பொருள் உண்டு. ஆனால் முதலாளியின் கூரையின் கீழ் இருப்பவரையும், தமிழில் மனுக் கொடுக்க 1969 ஆட்சிமொழிச் சட்டம் அளித்த உரிமையைப் பயன்படுத்த இன்னும் போராடும் எல்லை ஊராட்சிக்காரரையும் அந்த எண் எவ்வளவு பிடித்தது என்பது, வட்டவாரியாகப் பட்டியலைத் திறந்து வைத்தால்தான் சரிபார்க்கக் கூடியது.