களத்தில் ஒலித்த குழூஉக்குறி

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். இதனைக் குழூஉக்குறி என வகுத்துரைக்கும் தமிழ் இலக்கணம். போர்க்கள வானொலிக்கும் இத்தகைய குறிகள் உண்டு.

வானொலியிற் பேசுவதைப் பகைவரும் கேட்கக்கூடும். ஆதலின், பிரிட்டிஷ் தரைப்படையினர் பதவிகளைக் குறிகளால் வழங்கினர். படைத்தலைவர் 'சன்ரே', அதாவது ஞாயிற்றுக்கதிர், பொறியாளர் 'ஹோல்ட்ஃபாஸ்ட்', பீரங்கிப் படையினர் 'ஷெல்ட்ரேக்', மருத்துவப் பிரிவினர் 'ஸ்டார்லைட்'.

1982 மே 28ஆம் நாள், ஃபாக்லாந்து தீவுகளில் கூஸ் கிரீன் என்னும் சிற்றூரை மீட்கப் போர் நிகழ்ந்தது. இரண்டாம் பாரசூட் படையணியின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஜோன்ஸ், பகைவரின் அகழியை நோக்கி முன்னேறுகையில் சுடப்பட்டார். 'சன்ரே வீழ்ந்துவிட்டார்' என்னும் செய்தி வானொலியில் ஒலித்தது. பெயர் கூறப்படவில்லை, ஆயினும், வீழ்ந்தவர் யாரென்பதை வீரர்கள் உணர்ந்தனர். ஜோன்ஸ் உயிர் துறந்தார். அடுத்த நிலையிலிருந்த மேஜர் கீபிள் தலைமை ஏற்றார். மறுநாள் அங்கிருந்த அர்ஜென்டினப் படையினர் சரணடைந்தனர்.

'சன்ரே' என்பது ஒருவருக்கு இட்ட பெயரன்று. பொறுப்புக்கு இட்ட பெயர். ஏந்தியவர் வீழ்ந்த பின்னரும் அப்பெயர் களத்தில் வாழ்ந்தது. பகைவரிடமிருந்து மறைக்கப் பிறந்த குறி, தலைமை அறுபடாது தொடரவும் துணைநின்றது. குழூஉக்குறியைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதுவும் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.