பட்டுக்குச் சங்கம், பல்லுக்கு அரசிதழ்

காஞ்சிபுரத்தில் பட்டுத் தொழிலைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதே ஊரில் பல் செட்டும் கேப்பும் செய்து தரும் லேப்காரர்களும், பல் மருத்துவர்களுக்கு ஃபில்லிங் பொருளும் கருவிகளும் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். இவர்கள் வேலையை ஒரு தொழிலாக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு தொழில்களையும் அரசின் விதிகள் நெருக்கமாகக் கட்டியிருக்கின்றன, அந்த விதிகள் அடிக்கடி மாறவும் செய்கின்றன. மாறப்போகிற சேதி யாருக்கு முன்னதாகப் போய்ச் சேர்கிறது, யாருக்குக் காரியம் முடிந்த பிறகு தெரிகிறது என்று பார்த்தால், நூறு ரூபாய் முதலீட்டுக்கும் கோடி ரூபாய் முதலீட்டுக்கும் உள்ளதைவிடப் பெரிய வேறுபாடு தென்படுகிறது.

பட்டில் சேதி போகும் வழி கூட்டுறவுச் சங்கம். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்று கடவுளர், தலைவர், புலவர் பெயர்களில் இயங்கும் சங்கங்கள். உறுப்பினரான நெசவாளர் அங்கே பாவும் ஜரிகையும் வாங்குகிறார், நெய்த சேலையைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெறுகிறார். சேலையை விரித்து எடை பார்த்து, கோர்வை சரியாக விழுந்திருக்கிறதா என்று கணக்குப்பிள்ளை விரலால் தடவிப் பார்க்கிற அந்த நேரத்தில்தான் மற்றதெல்லாம் பேசப்படுகிறது: ரிபேட் எத்தனை நாள், ஜரிகை விலை எவ்வளவு, கைத்தறித் துறையிலிருந்து என்ன சுற்றறிக்கை. எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் சேதி தமிழில், தெரிந்தவர் வாயால் வருகிறது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு பதிவானது. விண்ணப்பித்தது தமிழக அரசின் கைத்தறித் துறை. தனித்தனி நெசவாளர் யாரும் ஓடியாட வேண்டியிருக்கவில்லை.

சேதி முன்னதாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021ஆம் ஆண்டின் கடைசி வாரங்களே சான்று. துணிகளுக்கான ஜிஎஸ்டி 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆகும், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை என்று நவம்பரில் அறிவிப்பு வந்தது. நாடெங்கும் ஜவுளிக்காரர்கள் எழுந்தார்கள், சூரத்தில் கடைகள் அடைக்கப்பட்டன, தமிழகம் உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்தன. டிசம்பர் 31 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம் உயர்வைத் தள்ளிவைத்தது. ஒன்றரை மாத அவகாசம் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் கூடிப் பேச ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது.

பல் தொழிலுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் எல்லா மருத்துவக் கருவிகளையும் ‘மருந்து’ என்று கொண்டுவரும் வரைவு 2019 அக்டோபரில் வெளியானது. 2020 பிப்ரவரி 11இல் அது இறுதியானது, ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நாடே ஊரடங்கில் அடைந்துகிடந்த வாரம் அது. வரைவுக்கு ஆட்சேபம் சொல்ல அரசிதழ் வழக்கமாகக் கொடுப்பது 30 நாள். அரசிதழ் வருவதோ இந்தியிலும் ஆங்கிலத்திலும். பெரிய இறக்குமதி நிறுவனங்களுக்கு அதைப் படிக்கவென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு. மேஜைக்கு முன் மெழுகு உருக்கிக்கொண்டிருக்கும் லேப்காரருக்கு அந்த 30 நாளும் தெரியாமலே கழிந்துவிடும்.

விதியின் உள்ளே போனால் சிக்கல் இன்னும் கூடும். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் ஆபத்தின் அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று வகுப்புப் பிரிக்கின்றன. உடலுக்குள் நெடுநாள் இருக்கும் பொருள் பொதுவாக ‘சி’. அதுவே பல்லுக்குள் வைப்பதாக இருந்தால் ‘பி’. ஆக, ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு பெட்டிகளில் ஃபில்லிங் பொருள் ஒரு வகுப்பு, தாடை எலும்பில் பொருத்தும் இம்ப்ளாண்ட் வேறு வகுப்பு. முதலாவதைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ 2022 அக்டோபர் 1 முதல் உரிமம் வேண்டும், இரண்டாவதற்கு 2023 அக்டோபர் 1 முதல். விற்பவருக்கான எம்டி-42 பதிவுச் சான்றிதழ் விதி வெளியானது 2022 செப்டம்பர் 30இல், அதாவது முதல் கெடுவுக்கு முந்தைய நாள். இரண்டு வாரம் கழித்து, கிருமிநீக்கம் செய்யாத, அளவிடும் வேலை இல்லாத ‘ஏ’ வகுப்புக் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு. இத்தனையையும் பின்தொடர்ந்தவருக்குப் பணமும் அலைச்சலும் மிச்சம். மற்றவர், தனக்கு மேலே உள்ள டீலர் “இனிமேல் சான்றிதழ் இல்லாமல் சரக்கு அனுப்ப மாட்டோம்” என்று சொல்லும் நாளில்தான் விழித்துக்கொள்வார்.

வரிச் சேதி மட்டும் இவர்களுக்கும் உடனே கிடைத்துவிடுகிறது. 2025 செப்டம்பரில் பல் மருத்துவக் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 5 விழுக்காடாகக் குறைந்தபோது நாளிதழ்களும் ஆடிட்டர்களும் சொல்லிவிட்டார்கள். உரிமம், எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு, கழிவுக்கு 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் இவற்றுக்கு அந்த வாய்ப்பில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்திலிருந்து வருகிறது.

இதைச் சொல்லும்போது பட்டின் பக்கத்தைத் தூக்கி வைத்துவிடக் கூடாது. சங்கத்தில் இல்லாமல் மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு முதலாளி சொல்வதுதான் சேதி, அவர் சொல்லாமல் விட்டால் அதுவும் இல்லை. வாய்வழிச் சேதியைக் காட்டிப் பின்னால் உரிமை கேட்கவும் முடியாது. நெசவுக்கென்று கருத்துச் சொல்ல மைய அரசு வைத்திருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020 ஜூலையில், தேசியக் கைத்தறி நாளுக்குச் சில நாள் முன்பு, கலைக்கப்பட்டது. பல் தொழிலிலோ வரைவு எழுத்தில் இருக்கிறது, தேதி போட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம் என்று அதிலேயே இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, அது எங்கே என்று சொல்ல ஆளில்லை. எனக்கு இந்தக் குறை பட்டின் குறையைவிட எளிதாகத் தீரக்கூடியதாகத் தோன்றுகிறது. வரைவு வந்த முதல் வாரத்திலேயே மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகமோ பல் மருத்துவர் சங்கக் கிளையோ தமிழில் ஒரு பக்கம் அடித்து லேப்புக்கும் கடைக்கும் கொடுத்தால் போதும்: என்ன மாறுகிறது, எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதிக்குள் யாருக்கு எழுத வேண்டும்.

அடுத்த மாற்றம் இப்போதே தெரிகிறது. பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பை 2034க்குள் உலகம் முழுதும் நிறுத்துவதென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் முடிவு செய்தன. இந்தியா 2018இல் அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடு. இதற்கான உள்நாட்டு விதி என்றைக்காவது வரைவாக வரத்தான் வேண்டும். அரசு மருத்துவமனையில் மலிவாகக் கிடைக்கும் அந்த அடைப்புக்குப் பதில் என்ன, கையிருப்பை என்ன செய்வது, மீந்த பாதரசத்தை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்க வேண்டியவர்களில் காஞ்சிபுரம் காந்தி சாலைக்குப் பின்தெருவில் சரக்கு வைத்திருக்கும் விற்பனையாளரும் ஒருவர்.