காது கேளாதோரின் குரல் பயிற்சியும் இசையும்

காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் பேச்சுக் குரலைப் பழக்கும் முயற்சி ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அவர்களுக்கும் இசை உரியது என்று கல்வி நிலையங்கள் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. குரல் ஒரு கடமையாகத் திணிக்கப்பட்டது. இசையோ எட்டாத ஒன்றாகக் கருதப்பட்டது. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று நெருங்கின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காதும் குரலும்

பேசும்போது நம் குரலை நாமே கேட்கிறோம். உரக்கப் பேசினால் தணித்துக்கொள்கிறோம். சுருதி விலகினால் திருத்திக்கொள்கிறோம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. அக்குழந்தையின் குரல்வளை, நாக்கு, உதடுகள் ஆகியவை பெரும்பாலும் நலமாகவே இருக்கும். இருந்தும், தன் ஒலியைத் தானே சரிபார்க்க வழியில்லாததால், ஒலியின் அளவு, சுருதி, மூக்கொலி, மூச்சு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஆகவே கண்ணும் தொடு உணர்வும் காதின் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

முதல் ஆசிரியர்கள்

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி பெத்ரோ போன்ஸ் தே லியோன், பிரபுக் குடும்பங்களில் காது கேளாமல் பிறந்த பிள்ளைகளுக்குப் பேசவும் எழுதவும் கற்பித்தார். அக்குடும்பங்களின் சொத்துரிமைச் சிக்கல்களும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றன. ஊமைகளுக்குப் பேச்சுக் கற்பிக்கும் முறை பற்றி ஹுவான் பாப்லோ போனெத் எழுதிய நூல் 1620-இல் மத்ரித் நகரில் அச்சாயிற்று.

18-ஆம் நூற்றாண்டில் இரு வழிகள் தோன்றின. பாரிசில் பள்ளி நடத்திய பாதிரியார் தெ லெப்பே சைகை மொழியின் வழியே கற்பித்தார். 1778-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பள்ளி தொடங்கிய சாமுவேல் ஹைனிக்கே வாய்மொழிப் பேச்சையே முதன்மையாகக் கொண்டார். எது சிறந்தது என்ற வாதம் நூறாண்டு நீடித்தது.

மிலான் மாநாடு

1880 செப்டம்பரில் காது கேளாதோர் கல்வி பற்றிய பன்னாட்டு மாநாடு இத்தாலியின் மிலான் நகரில் நடந்தது. சைகை மொழியைவிட வாய்மொழிக் கல்வியே மேலானது என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. இத்தனை பெரிய முடிவை எடுத்த அவையில் காது கேளாதவர் ஒருவர் மட்டுமே பிரதிநிதியாக இருந்தார். இதன் பின் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தனர். குழந்தைகள் கணக்கும் வரலாறும் படிக்க வேண்டிய நேரத்தில் ஓர் எழுத்தொலியைச் சரியாக உச்சரிக்கப் பாடுபட்டனர்.

குரல் பயிற்சி தன்னளவில் தீயதல்ல. மற்றொரு மொழியைப் பறித்துவிட்டு அதன் இடத்தில் இதை வைத்ததே தவறு. 2010-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது.

பெல் குடும்பம்

தொலைபேசியால் அறியப்படும் அலெக்சாண்டர் கிரகாம் பெல், தொழிலால் காது கேளாதோரின் ஆசிரியர். அவருடைய தந்தை மெல்வில் பெல், ஒவ்வோர் ஒலிக்கும் நாக்கும் உதடும் இருக்கும் நிலையைக் குறியீடுகளாக வரைந்து, 'கட்புலப் பேச்சு' என்னும் முறையை 1867-இல் நூலாக வெளியிட்டார். கிரகாம் பெல் 1871-இல் பாஸ்டன் நகரில் அம்முறையைக் கற்பித்தார். அவருடைய தாயார் எலைசா பெரிதும் செவித்திறன் இழந்தவர். ஆயினும் பியானோ வாசித்தவர். மகன் அவருடைய நெற்றியருகே வாய் வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவார். எலும்பின் வழியாகவும் ஒலி செல்லும் என்பதை இந்தக் குடும்பம் அன்றாட வாழ்வில் கண்டிருந்தது. எனினும் பெல் பிற்காலத்தில் வாய்மொழிக் கல்வியை வலியுறுத்திச் சைகை மொழியை எதிர்த்தார். அதனால் காது கேளாதோர் பலர் இன்றும் அவரை மனக்கசப்போடு நினைக்கின்றனர்.

ஹெலன் கெல்லரின் பாடங்கள்

1880-இல் பிறந்த ஹெலன் கெல்லர், 19 மாதக் குழந்தையாக இருந்தபோது நோயால் பார்வையையும் செவித்திறனையும் இழந்தார். நார்வேயில் தம்மைப் போன்ற ஒரு சிறுமி பேசக் கற்றாள் என்று அறிந்ததும், தாமும் பேச வேண்டும் என்று அடம் பிடித்தார். 1890-இல் பாஸ்டனில் சாரா புல்லர் என்ற ஆசிரியை அவருக்கு 11 பாடங்கள் நடத்தினார். ஆசிரியையின் முகத்திலும் உதட்டிலும் நாக்கிலும் விரல் வைத்து நிலையை அறிந்து, அதைத் தம் வாயில் செய்து பார்ப்பதே அந்தப் பாடம்.

பேச்சு வந்தது, ஆனால் அயலாருக்குப் புரியவில்லை. ஆண்டுகள் கழித்து, பாஸ்டனில் பாட்டு கற்பித்து வந்த சார்லஸ் ஒயிட் அவருக்குக் குரல் பயிற்சி அளித்தார். பேச்சாசிரியர் விட்ட இடத்தில் இசை ஆசிரியர் தொடங்கினார். மூச்சைத் தாங்கிப் பிடித்தல், குரலின் ஒத்ததிர்வு, சுருதி என்று பாடகருக்குரிய பாடங்கள் காது கேளாத ஒருவருக்குக் கற்பிக்கப்பட்டன. ஒரு நாள் வசப்பட்டது மறுநாள் கை நழுவிப் போகும். 1913-இல் நியூ ஜெர்சியின் மான்ட்கிளேர் ஊரில் கெல்லர் முதன்முதலாகப் பொது மேடையில் சொற்பொழிவாற்றினார். தோற்றுவிட்டதாகவே எண்ணி மேடையை விட்டு இறங்கினார்; எனினும் பேசுவதை நிறுத்தவில்லை. தெளிவாகப் பேச முடியவில்லையே என்ற ஏக்கம் மட்டும் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

விரலால் கேட்ட இசை

லுட்விக் வான் பேத்தோவனுக்கு ஏறத்தாழ 28 வயதில் செவித்திறன் குறையத் தொடங்கியது. 1802-இல் அவர் தம் சகோதரர்களுக்கு எழுதி அனுப்பாமலே விட்ட கடிதம், அந்தத் துயரத்தையும் கலைக்காகவே உயிர் வாழும் முடிவையும் சொல்கிறது. 1818 முதல், வந்தவர்கள் சொல்ல விரும்பியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினர். 1824 மே 7 அன்று வியன்னாவில் அவருடைய ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியபோது, கைதட்டல் அவருக்குக் கேட்கவில்லை. பாடகி கரோலினா உங்கர் அவரை அவையின் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது.

சரியாக நூறாண்டுக்குப் பின், 1924-இல், அதே சிம்பொனி நியூயார்க்கிலிருந்து வானொலியில் ஒலிபரப்பானது. கெல்லர் தம் வீட்டில் வானொலிக் கருவியின் மெல்லிய தகட்டின் மேல் விரல்களை வைத்து அதை உணர்ந்தார். குழுவினர் சேர்ந்து பாடும் பகுதியில் மனிதக் குரல்கள் எழுவதைப் பிரித்தறிந்ததாக இசைக்குழுவினருக்குக் கடிதம் எழுதினார். தன் காதால் கேட்க இயலாத ஒருவர் இயற்றியது, காதே இல்லாமல் இன்னொருவரைச் சென்றடைந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. இளம் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். தோல் சுமார் 1,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். 250 ஹெர்ட்ஸ் அளவில் அதற்குக் கூர்மை மிகுதி. எனவே தாளமும் தாழ்ந்த சுருதிகளும் உடலுக்கு எட்டுகின்றன; உயர்ந்த சுருதிகள் நழுவுகின்றன.

மேடைக்கு வந்தோர்

1965-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த எவலின் கிளெனி, 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரிதும் இழந்தார். அவருடைய தாள ஆசிரியர், முரசு ஒலிக்கும்போது அறையின் சுவரில் கை வைத்து, எந்தச் சுருதி உடலின் எந்தப் பகுதியில் தெரிகிறது என்று கவனிக்கப் பழக்கினார். லண்டன் ராயல் இசைக் கழகம் முதலில் அவரைச் சேர்க்கத் தயங்கியது. அவர் வாதாடி இடம் பெற்றார். வெறுங்காலுடன் வாசிக்கும் அவர் 2015-இல் போலார் இசைப் பரிசு பெற்றார். அமெரிக்கப் பாடகி மாண்டி ஹார்வி 18 வயதில் கேட்கும் திறனை இழந்தார். சுருதியைக் கண்ணால் காட்டும் கருவியைக் கொண்டு மீண்டும் பாடப் பழகி, 2017-இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் நான்காம் இடம் பெற்றார்.

உள்காதுக் கருவியும் இன்றைய பயிற்சியும்

காக்ளியர் இம்ப்ளாண்ட் எனப்படும் உள்காதுக் கருவி ஒலியை மின் துடிப்புகளாக மாற்றிச் செவி நரம்பைத் தூண்டுகிறது. இயற்கையான உள்காதில் சுமார் 3,500 அக மயிரணுக்கள் செய்யும் வேலையை, கருவியில் 22 அல்லது அதற்கும் குறைவான மின்முனைகள் செய்கின்றன. ஆகவே பேச்சும் தாளமும் ஓரளவு நன்றாகப் புரிய, மெட்டு மங்கலாகவே கேட்கிறது. கருவி பொருத்திய குழந்தைகளுக்குப் பாட்டும் தாளமும் பயிற்சியின் பகுதியாக அமைவது இதனால்தான். பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காது கேளாதோர் பள்ளி தோன்றிய தமிழ்நாட்டில், இன்று இளங்குழந்தைகளுக்கு இக்கருவி அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே பொருத்தப்படுகிறது. அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். கேட்கவும் பேசவும் பழகுவதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். அந்த ஆண்டுகளில் குழந்தைக்குச் சைகை மொழியும் மறுக்கப்படாமல் கிடைக்க வேண்டும் என்பதே மிலானுக்குப் பிந்தைய வரலாறு கற்றுத்தரும் பாடம்.